கையா, பேச்சா?

போன மாதம் உங்கள் வார்டுப் பக்கம் வந்திருந்தேன். ஓய்வு பெற்றவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். எனக்கு வீட்டில் உட்கார வரவில்லை. மூளைக்குள் மின்கம்பி வைத்த ஒரு பெரியவருக்கு உங்களில் ஓர் இளம் டாக்டர் மின்சாரத்தின் அளவைச் சரிசெய்துகொண்டிருந்தார். கை நடுக்கம் குறைந்தது, இன்னும் குறைந்தது, நின்றேவிட்டது. டாக்டர் முகத்தில் மலர்ச்சி. கூட வந்த மகன், அப்பாவுக்கு நன்றாக இருக்கிறது என்று சொன்னார். டாக்டர் எண்களைப் பதிந்துகொண்டு அடுத்த படுக்கைக்குப் போனார். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஆனால் அந்தப் பெரியவர் அவ்வளவு நேரத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. நடைபாதையிலேயே பிடித்து நிறுத்திச் சொல்லியிருப்பேன். கிழவி வந்து உயிரை எடுக்கிறாள் என்பீர்கள், அதனால் விட்டுவிட்டேன். எழுத்து என்றால் பாதியில் எழுந்து போகும் சௌகரியம் உங்களுக்கு உண்டு. எனக்குத் தெரியவா போகிறது?

நான் சொல்லப்போவது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. பினாங்குத் தீவில் நாங்கள் நாலைந்து பேர் இந்தச் சிகிச்சையைத் தட்டுத் தடுமாறி ஆரம்பித்திருந்த காலம். இன்று உங்களிடம் இருக்கும் படக்கருவிகளில் பாதி அன்று இல்லை. நான் நரம்பியல் மருத்துவர். அறுவை செய்பவர் கோலாலம்பூரிலிருந்து வருவார். பெயர் வேண்டாம், இன்று உயிரோடு இருந்தால் அவரே வேண்டாம் என்றுதான் சொல்வார். சீனர், தமிழ் ஒரு சொல் தெரியாது. அறுவை அறையில் அவர் யாரையும் "சரியா?" என்று கேட்டதே இல்லை. "என்ன பார்க்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்பார். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எனக்குப் புரிந்தது வேலு அண்ணன் வந்த பிறகுதான்.

வேலு அண்ணன் முடிவெட்டுபவர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் கடை. ஐம்பதைத் தாண்டியவர். வாயைத் திறந்தால் மூடமாட்டார். பந்து விளையாட்டிலிருந்து அமைச்சர்களின் தலைமுடி வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் உண்டு. அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. இடது கையிலும் இருந்தது. சீப்புப் பிடிக்க முடியாத அளவுக்கு இல்லை. வலது கைதான் போயே போய்விட்டது. சும்மா வைத்திருந்தால் அமைதியாக இருக்கும். கத்தியை எடுத்து ஒருவர் கழுத்தருகே கொண்டுபோனால் ஆடும். சவரத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். பிறகு முடிவெட்ட வந்தவர்களும் நின்றார்கள். கடைக் கூட்டாளி வேலை செய்ய, இவர் துண்டு மடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு கொடுமை. ஒரு கிளாஸ் பீர் உள்ளே போனால் இந்த வகை நடுக்கம் கொஞ்ச நேரத்துக்கு அடங்கும். அதை அவர் தானாகவே கண்டுபிடித்துக் கடை திறக்குமுன் குடிக்க ஆரம்பித்திருந்தார். தெரு அதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டது. குடிக்கிறான், அதனால் கை ஆடுகிறது என்றார்கள். அவர் மனைவியும் அதையே நம்பினார். முதல் தடவை என்னிடம் வந்தபோது, குடியை நிறுத்தச் சொல்லுங்கள், கை தானாக நின்றுவிடும் என்று என்னிடமே புகார் செய்தார். இல்லை அக்கா, கை ஆடுவதால்தான் குடிக்கிறார் என்று நான் விளக்கினேன். அந்த அம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மாத்திரைகளை எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். "ஓகே லா டாக்டர்" என்பார். சொல்லும்போதே கையிலிருக்கும் தேநீர் சட்டையில் சிந்திக்கொண்டிருக்கும். இது நம் ஆட்களின் பழக்கம். மருந்து வேலை செய்யவில்லை என்று சொன்னால் டாக்டரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பில்லை என்று சொல்வோமா, அதுபோல. உங்கள் பாடப்புத்தகத்தில் நோயாளியிடம் கேள் என்று எழுதியிருக்கும். எழுதியவருக்கு நம் ஆட்களைத் தெரியாது.

அதனால் அறுவை அன்று நான் கேள்விகளை நம்பவில்லை. அவர் கடையிலிருந்து கத்தரிக்கோலைக் கொண்டுவரச் சொன்னேன். நம் வேலையில் நோயாளி விழித்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தலையில் இரும்பு வளையத்தைத் திருகி, மண்டையில் ஒரு துளை போட்டு, கம்பியை உள்ளே இறக்கி, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சர்ஜன் துணிக்குப் பின்னால் நிற்பார். துணிக்கு இந்தப் பக்கம், நோயாளியின் முகத்துக்கு நேரே நான்.

காலையிலிருந்தே வேலு அண்ணன் பேச்சை நிறுத்தவில்லை. தலையை மழிக்க வந்த ஆஸ்பத்திரி ஊழியரைக் கிட்ட விடாமல் கடைக் கூட்டாளியை வரவழைத்து மழித்துக்கொண்டார். வளையத்தின் திருகாணிகள் கோணலாக இருக்கின்றன என்றார். மயக்க மருந்து டாக்டருக்கு வழுக்கை விழ இன்னும் எத்தனை காலம் பாக்கி என்று கணித்துச் சொன்னார். துளை போடும்போதுகூட, சத்தம் மேல்மாடிக்காரன் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று மலாயில் சொல்லி அறையையே சிரிக்க வைத்தார். பயம் என்று எனக்குத் தெரிந்தது. பயந்தால் இன்னும் அதிகம் பேசுகிறவர்.

கம்பி இறங்கியது. முதல் இடத்தில் ஒன்றும் இல்லை. அவர் கையிலிருந்த கத்தரிக்கோலின் இரண்டு நுனியும் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் ஆழத்தில் நடுக்கம் பாதியாயிற்று. மின்சாரத்தைக் கூட்டினோம். கை நின்றது.

நின்றது என்றால், கல்லில் செதுக்கி வைத்தாற்போல நின்றது. வேலு அண்ணன் கத்தரிக்கோலை விரித்து மூடினார். முடிவெட்டுகிறவர்கள் இரண்டு வெட்டுக்கு நடுவில் சும்மா காற்றை வெட்டுவார்களே, அந்தச் சத்தம். சிக் சிக் சிக் என்று அறை முழுவதும் கேட்டது. தாதி ஒருத்தி கைதட்டிவிட்டாள். அண்ணன் கண்ணிலிருந்து நீர் ஓடிக் காதுக்குள் இறங்கியது. துடைத்துவிட்டேன்.

துணிக்குப் பின்னாலிருந்து சர்ஜன், என்ன பார்க்கிறீர்கள் என்றார். கை முழுக்க நின்றுவிட்டது என்றேன். வேறென்ன என்றார். வேறென்ன வேண்டும் இந்த மனுஷனுக்கு என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் எதுவோ குறைகிறது. எது என்று பிடிபடவில்லை. அறையில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வேலு அண்ணனைத் தவிர.

கடை எந்தத் தெருவில் என்று கேட்டேன். சிரித்தார். மனைவி பெயரைக் கேட்டேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னேன். களைத்துப்போனவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார். நான் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னேன். கை துள்ளியது, கத்தரிக்கோல் தரையில் விழுந்தது. உடனே வாய் திறந்தது.

"யாரு கரண்ட அடைச்சது? தொறக்கச் சொல்லுங்க டாக்டர்!"

ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக இருந்தது. மறுபடி மின்சாரத்தை ஓடவிட்டு, பேசாவிட்டால் கம்பியை மாற்றச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். பேசினார். வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுகிறவர் போல இருந்தது. நாக்கு புரளவில்லை. பாதிச் சொற்கள் உதட்டைத் தாண்டவில்லை. அவருக்கு அது முதல் நொடியிலேயே தெரிந்திருக்கிறது. கை கிடைத்துவிட்டது, பேசினால் பிடுங்கிவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். பத்துப் பேர் இருந்த அறையில் அதை நாங்கள் நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கை நின்றவுடன் எல்லோரும் கையைத்தான் பார்ப்பார்கள். அப்போது நீங்கள் முகத்தைப் பாருங்கள். வாயடி அடிக்கிறவர் அடங்கிவிட்டால், எப்போதும் பேசாதவர் பேச ஆரம்பித்துவிட்டால், அங்கே நில்லுங்கள்.

சர்ஜனிடம் சொன்னேன். பக்கத்திலேயே முகத்துக்கும் நாக்குக்கும் போகிற நரம்புக் கற்றை இருக்கிறது, மின்சாரம் அதில் கசிகிறது என்றார். இரண்டு வழி. கம்பியை வெளியே எடுத்து, இம்மியளவு உட்பக்கமாக மறுபடி இறக்கலாம். பேச்சு தப்பிக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் எங்காவது ஒரு ரத்தக்குழாய் கிழியும் அபாயம் உண்டு. கிழிந்தால் கையும் இல்லை, பேச்சும் இல்லை. ஆளே இல்லாமலும் போகலாம். புது இடத்தில் கை இதேபோல நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இல்லையென்றால் இப்படியே விட்டுவிட்டு, பிறகு மின்சாரத்தைக் குறைத்துக் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். எது வேண்டும், சொல்லுங்கள் என்றார்.

நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். ஆனாலும் வேலு அண்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கையில் ஒரு துளி ஆட்டம் இல்லை.

இப்போது சொல்லுங்கள், அவரை எந்த நிலையில் வைத்துக் கேட்பது? மின்சாரம் ஓடும்போது கேட்டால், பல வருஷம் கழித்துக் கை திரும்பக் கிடைத்த மயக்கத்தில் இருக்கிறார். எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவார். நிறுத்திவிட்டுக் கேட்டால், கண் முன்னால் கையைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் இருப்பார். தலையில் வளையம் திருகிக் கிடப்பவரிடம் வாங்கும் சம்மதம் சம்மதம்தானா? புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. இருந்தாலும் புரட்டிப் பார்க்க அங்கே நேரமில்லை.

சர்ஜனுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். வெளியே போய் மனைவியைக் கேட்டுவிட்டு வாருங்களேன் என்றார். நம் ஊரில் அதுதானே வழக்கம். எல்லாவற்றுக்கும் குடும்பம்தான் பதில் சொல்லும். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாக்கு அவருடையது, கை அவருடையது, ஆள் கண்ணைத் திறந்துகொண்டு என் முன்னால் இருக்கிறார், வெளியே போய் யாரை என்ன கேட்பது என்று சீறிவிட்டேன். சர்ஜனிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

மின்சாரத்தை நிறுத்தச் சொன்னேன். வாயை நனைத்துக்கொள்ளத் தண்ணீர் கொடுத்துக் கொஞ்சம் ஆறவிட்டேன். பேசத் தெளிவாக வருகிறபோதுதான் ஒருவர் பேச்சைப் பற்றி முடிவு செய்யவேண்டும் என்று எனக்குப் பட்டது. இரண்டு வழியையும் சொன்னேன். ரத்தம் கசிந்தால் என்ன ஆகும் என்பதையும் மூடாமல் சொன்னேன். பிறகு கேட்டேன்.

"கையா, பேச்சா அண்ணே?"

"டாக்டர், பேசறதுக்கு இந்தத் தீவுல ஆள் நெறய இருக்கு. இந்தக் கைய நம்பிக் கழுத்தக் குடுத்தவங்க ஒருத்தர் விடாம போயிட்டாங்க. அவங்க திரும்பி வரணும். வாய் போனா போவுது. கம்பிய எடுக்காதீங்க."

அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். சர்ஜன் கம்பியை அதே இடத்தில் பொருத்தினார். பேட்டரிப் பெட்டியை நெஞ்சுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார். கைகழுவும் இடத்தில் என்னைப் பார்த்து, இனி இவர் உங்கள் நோயாளி என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வாராவாரம் அவரை உட்காரவைத்து மின்சாரத்தைக் கூட்டினேன், குறைத்தேன். கம்பி நுனியில் நான்கு இடங்கள் உண்டு. நான்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். குறைத்து வைத்தால் பேச்சு ஓரளவு தெளியும், கத்தரிக்கோல் பிடிக்கலாம், சவரக் கத்தி பிடிக்க முடியாது. கூட்டி வைத்தால் கத்தி நிற்கும், நாக்கு குழறும். நடுவில் ஓர் இடம் கிடைக்காதா என்று தேடித் தேடி அலுத்தேன். அவர் அலுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கூட்டித்தான் வைக்கச் சொன்னார்.

கடைக்குப் போய்க் கத்தி எடுத்தார். தெரு என்ன சொன்னது தெரியுமா? காலையிலேயே குடித்து மாபோக், நாக்கு குழறுகிறது பார் என்றது. அறுவைக்குப் பிறகு அந்த மனுஷன் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஒருவர் முகத்தில் நுரையோடு எழுந்து போனாராம். இதை அவர் மனைவிதான் வந்து சொன்னார். எனக்கு அந்தச் சந்துக்குப் போய் நின்று கத்த வேண்டும்போல இருந்தது. தூக்கம் கெட்டது. கம்பியை மாற்றியிருக்க வேண்டும், அவர் பிடித்த பிடியில் நான் மயங்கிவிட்டேனோ என்று ஒரு மனசு சொல்லும். மாற்றி ரத்தம் கசிந்திருந்தால் என்று இன்னொரு மனசு சொல்லும். சர்ஜனுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். மறுபடி திறந்து மாற்றித் தருவதாக உடனே ஒப்புக்கொண்டார். வேலு அண்ணனிடம் சொன்னேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பிறகு, வரச்சொன்ன நாட்களில் அவர் வரவேயில்லை.

அந்தக் காலத்துக் கருவியோடு ஒரு காந்தமும் கொடுப்பார்கள். நெஞ்சில் பெட்டி இருக்கும் இடத்தில் சற்று நேரம் வைத்தால் கருவி அடைத்துக்கொள்ளும், மின்சாரம் நின்றுவிடும். மறுபடி வைத்தால் திறக்கும். தூங்கும்போது அடைத்து வைத்தால் பேட்டரி அதிக நாள் வரும் என்பதற்காக நான் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். வேறு எதற்கும் இல்லை.

சில மாதம் பொறுத்துப் பார்த்தேன். கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் கிளினிக்கை முடித்துவிட்டு ஃபெரியில் திரும்பிய ஒரு மத்தியானம், வீட்டுக்குப் போகாமல் நேரே அந்தச் சந்துக்கு நடந்தேன். கடை மூடிக் கிடந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். மூடிக் கிடக்கவில்லை. நாற்காலியில் ஒருவர் கழுத்தை நிமிர்த்திச் சாய்ந்திருந்தார். பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். வேலு அண்ணன் சவரம் செய்துகொண்டிருந்தார். கத்தி தாடைக்கடியில் ஒரே இழுப்பில் போனது. கடையில் பேச்சே இல்லை. வானொலிகூட இல்லை.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கையை நிறுத்தவில்லை. முடித்து, முகத்தைத் துடைத்துவிட்டு, கத்தியை மடக்கிக் கண்ணாடித் தட்டில் தள்ளி வைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து நெஞ்சில் வைத்தார். காத்திருந்த இருவரும் செய்தித்தாளிலிருந்து நிமிரக்கூட இல்லை. அவர்களுக்கு இது பழகிப்போயிருந்தது. கை ஆட ஆரம்பித்தது. முன்பைவிட மோசமாக ஆடியது. அதை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, "வாங்க டாக்டர், ஒக்காருங்க" என்றார். நாக்கில் ஒரு பிசிறு இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேலை செய்யும்போது பேசுவதில்லை, பேசும்போது கத்தியைத் தொடுவதில்லை. வருகிறவர்களுக்கும் பழக்கிவிட்டார். விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிட்டு, அடைத்ததைத் திறந்து, மறுபடி கத்தியை எடுப்பார். எனக்குச் சந்தோஷமா அழுகையா என்று தெரியவில்லை. பல மாதமாக என்னைத் தின்றுகொண்டிருந்ததை அங்கேயே, அந்நிய ஆட்கள் முன்னால், கேட்டுவிட்டேன். அன்று கம்பியை மாற்றியிருக்க வேண்டுமா அண்ணே என்று.

அவர் என்னைக் கொஞ்சம் எரிச்சலாகவே பார்த்தார்.

"நீங்க ஒரு தடவை கேட்டீங்க, நான் ஒரு தடவை சொல்லிட்டேன். எனக்கு அது அன்னைக்கே முடிஞ்சுபோச்சு டாக்டர். நீங்கதான் இன்னும் கம்பிய எடுத்து எடுத்து வச்சுக்கிட்டு இருக்கீங்க."

சொல்லிவிட்டுக் காந்தத்தை மறுபடி நெஞ்சில் வைத்தார். கை அடங்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் அடுத்தவர் நாற்காலியில் ஏறிக் கழுத்தை நிமிர்த்திவிட்டார். வேலு அண்ணன் கத்தியை விரித்தார்.